காலடியில் சூரியன்

போடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஏலக்காய் வாசம் ஆளைத் தூக்கியது. ஆனால் நான் வந்தது பொட்டிபுரம் அம்பரப்பர் மலையைப் பார்க்க. அதைக் குடைந்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு, வழக்கு என்று மலை அப்படியே நிற்கிறது. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களைப் பிடிக்கத்தான் அந்தத் திட்டம். என் பித்து சூரியனில் பிறப்பவற்றின் மேல்!

இருட்டிய பிறகும் மலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம், என் காலுக்குக் கீழே எங்கோ. ஆனால் அதன் நடுவில் எட்டு நிமிடத்துக்கு முன் பிறந்த நியூட்ரினோக்கள் மொத்தப் பூமியையும் துளைத்து, என் பாதம் வழியே ஏறி வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு சதுர சென்டிமீட்டரில் நொடிக்குச் சுமார் 6500 கோடி! உடம்பே சிலிர்த்துவிட்டது.

சூரியனின் நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பத்தில் நான்கு ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் ஆகின்றன. நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன். அதில் 40 லட்சம் டன் எடை குறைந்து ஆற்றலாகிறது. இவ்வளவு தின்றும் ஏன் தீரவில்லை? அதுதான் அழகு: அந்த அடுப்பு அத்தனை மெதுவானது. மையத்தில்கூட ஒரு கன மீட்டருக்கு 300 வாட் தேறாது. நம்மூர் எருக்குழிச் சூடு! ஹைட்ரஜன் கருவான புரோட்டான் இரண்டு ஒட்ட வேண்டுமென்றால், மோதும் கணத்திலேயே ஒன்று நியூட்ரானாக மாற வேண்டும். அந்த வாய்ப்புக்கு ஒரு புரோட்டான் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. கொஞ்சம் அதிகமாக எரிந்தாலும் மையம் விரிந்து, ஆறி, தானே அடங்கிவிடும். 460 கோடி ஆண்டுகள் எரிந்தாயிற்று, இன்னும் 500 கோடி தாங்கும்.

இந்த எரிதலில் பிறக்கும் நியூட்ரினோக்களையே அதற்குச் சாட்சியாகப் பிடிக்க, விஞ்ஞானி ரேமண்ட் டேவிஸ் அமெரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றின் ஆழத்தில் தொட்டி வைத்தார். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் சிக்கியது. மீதி வரும் வழியில் வேறு வகை நியூட்ரினோவாக மாறிவிட்டது என்று கனடாவின் சட்பரி ஆய்வகம் 2002இல் உறுதி செய்தபோது முப்பது வருடப் புதிர் அவிழ்ந்தது. டேவிஸுக்கு அதே ஆண்டு நோபல்!

விடிந்ததும் மலைமேல் விழுந்த வெயிலில் கையை நீட்டினேன். நியூட்ரினோ எட்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது. இந்தச் சூடோ, சூரியனுக்குள் முட்டி மோதி வெளியே வரவே பல்லாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. என் உள்ளங்கை இதமாகச் சுட்டது.