புல்லுக்கு அடியில் எவ்வளவு ஈரம்?

விளையாட்டுத் தரையில் புல்லின் நிலையை இலை காட்டுவதற்கு முன்பே மண் காட்டிவிடும். வேர் ஓடுவது பெரும்பாலும் மேல்மண்ணின் பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்குள்தான். அந்த ஆழத்தில் நீர் குறைந்தால் புல் வாடும், தரை இறுகும், நிற்க வேண்டிய பந்து நிற்காமல் ஓடும். நீர் மிஞ்சினால் வேருக்குக் காற்று கிடைக்காது, தரை குழையும், ஆடுபவரின் கால் வழுக்கும். அதனால்தான் மண்ணின் ஈரத்தை அளக்கும் வேலை புல்லோடு நிற்காமல் ஆட்டத்தின் முடிவு வரைக்கும் போகிறது.

இதை மிகக் கடுமையாக உணர்த்துவது கோல்ஃப். குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்வட்டமான ‘கிரீன்’ ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்படுகிறது. இலை அவ்வளவு குட்டையாக இருந்தால் வேரும் ஆழமாகப் போகாது. வறட்சியைத் தாங்கச் செடியிடம் சேமிப்பு என்று ஒன்றுமில்லை. காலையில் பசுமையாக இருந்த கிரீன் மாலைக்குள் கருகிப் போகலாம்.

2004-ஆம் ஆண்டு யு.எஸ். ஓபனின் கடைசி நாளில் நடந்தது ஏறக்குறைய அதுதான். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், கடற்காற்று வீசும் ஷின்னகாக் ஹில்ஸ் மைதானம். அதன் ஏழாவது குழி பார் 3. கிரீன் ஒருபுறமாகச் சரிந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் ஆட வந்த நால்வரில் மூவர், மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழியை ஆறு அடியில் முடித்தார்கள். காய்ந்து இறுகிய சரிவில் பந்து எங்கும் தங்கவில்லை. போட்டியை நடத்திய அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ., ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இடையிடையே குழாயைப் பிடித்து அந்த கிரீனுக்குத் தண்ணீர் விட்டது. அன்று 66 பேரில் ஒருவர்கூடப் பாருக்குக் கீழே ஆடவில்லை. 28 பேர் 80-ஐத் தாண்டினார்கள், அல்லது தொட்டார்கள். ரெட்டீஃப் கூசன் 71 ஆடிப் பட்டம் வென்றார். அவரது ஆட்டத்தை இது குறைக்காது. ஆனால் முதலில் வந்தவர்களுக்குக் காய்ந்த கிரீனும் பின்னால் வந்தவர்களுக்கு நனைத்த கிரீனும் கிடைத்தது பெரிய தவறு. ஆட்டம் தொடங்கிய பிறகு தண்ணீர்க் குழாயைத் தேடும் நிலை வரவே கூடாது.

அந்த நிலை ஏன் வருகிறது என்பது மண் நீரைப் பிடித்துவைக்கும் விதத்தில் இருக்கிறது. நன்றாக நனைந்த மண்ணிலிருந்து முதலில் பெரிய இடைவெளிகளில் உள்ள நீர் வடிந்து போகும். வடிந்தது போக மண்துகள்கள் பிடித்துக்கொண்டிருக்கும் அளவை வயல் கொள்திறன் என்பார்கள். உழவர் பேச்சில் மண் ‘பதமாக’ இருப்பது ஏறக்குறைய இந்த நிலை. அதிலிருந்து வேர் உறிஞ்சிக்கொண்டே போனால், இனி உறிஞ்ச முடியாத ஒரு கட்டம் வரும். அது வாடல் நிலை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் புல்லின் பங்கு.

இந்த எல்லைகள் மண்ணுக்கு மண் மாறும். மணல் கிரீனில் 15 சதவீத ஈரம் இருந்தால் புல் நிம்மதியாக இருக்கும். அதே 15 சதவீதம் களிமண்ணில் இருந்தால் புல் வாடத் தொடங்கியிருக்கும், ஏனென்றால் களி தன் நீரை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கும். எனவே ஒரு மைதானத்தின் எண்ணை இன்னொரு மைதானத்துக்கு எடுத்துப் போவதில் பொருளில்லை. யு.எஸ்.ஜி.ஏ. 1960-இல் வெளியிட்டு அவ்வப்போது திருத்திவரும் கட்டுமான முறையில், கிரீனின் அடியில் 10 சென்டிமீட்டர் சரளை, அதன்மேல் 30 சென்டிமீட்டர் மணற்கலவை. மணலின் நுண்துளைகளில் உள்ள நீர் சரளையின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. அதனால் மணலின் அடிப்பகுதியில் நீர் தொங்கி நிற்கும். பெருமழை பெய்தால் சரளை வழியே வடிந்துவிடும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் தொங்கும் நீர் இருப்பது அடியில். கோடையில் குறுகிப்போன வேர் இருப்பது மேலே.

ஈரத்தை அளக்கும் மிகப் பழைய முறைதான் இன்றும் மற்றவற்றுக்கெல்லாம் உரைகல். மண்ணை எடுத்து நிறுத்து, 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி நிறுப்பது. 120 கிராம் மண் உலர்ந்து 100 கிராம் ஆனால் எடையளவில் 20 சதவீத ஈரம். மண்ணின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம் என்றால் கன அளவில் அது 30 சதவீதம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு முழுவதும் தப்பிவிடும். கருவிகள் காட்டுவது கன அளவு. அடுப்பு முறை துல்லியமானது, ஆனால் விடை மறுநாள்தான் வரும். ஆடுகளத்துக்கு அது போதாது.

டென்சியோமீட்டர் வேறொன்றை அளக்கிறது. நீர் நிரப்பிய குழாயின் நுனியில் நுண்துளைப் பீங்கான் கிண்ணம் இருக்கும். மண் காயக் காயக் குழாயிலிருந்து நீரை இழுக்கும். அந்த இழுவிசையை மேலே உள்ள மானி காட்டும். எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதைப் பெற வேர் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை இது காட்டுகிறது. புல்லின் பக்கம் நின்று பார்த்தால் நேர்மையான அளவு இதுதான். ஆனால் 80 கிலோபாஸ்கலைத் தாண்டினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். தினமும் இயந்திரம் வெட்டும் கிரீனில் இதை நட்டுவைக்கவும் முடியாது.

அதனால் இன்று கோல்ஃப் மைதானங்களில் அதிகம் புழங்குவது டிடிஆர் மீட்டர். மின்காந்தத் துடிப்பு ஒன்றை இரண்டு உலோகக் கம்பிகள் வழியே மண்ணுக்குள் அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுவதுதான் அடிப்படை. நீரின் மின்கடவா மாறிலி ஏறக்குறைய 80, மண்துகளுக்கு 3 முதல் 5 வரை, காற்றுக்கு 1. ஈரம் கூடினால் துடிப்பு தாமதமாகும். அந்தத் தாமதத்தை ஈர சதவீதமாக மாற்றும் சமன்பாட்டை டாப், டேவிஸ், அனன் என்ற மூவர் கனடாவில் கண்டு 1980-இல் வெளியிட்டார்கள். உப்பு மிகுந்த மண்ணிலும், பாதி மக்கிய புல்சருகு தடித்துக் கிடக்கும் இடத்திலும் இந்தக் கணக்கு பிசகும்.

எண்ணே இல்லாமலும் இந்த வேலையைச் செய்யலாம் என்பதற்குக் கோயம்புத்தூரிலேயே சான்று உண்டு. அங்குள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உழவர்களுக்காக உருவாக்கிய மண் ஈரங்காட்டியில் இரண்டு கம்பிகளை மண்ணில் செருகினால் விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் ஏராளம், பச்சை என்றால் போதும், ஆரஞ்சு என்றால் குறைவு, சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும். கரும்புக்கு அது போதும். கிரீனுக்குப் பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே உள்ள இரண்டு சதவீதம்கூடத் தெரிய வேண்டும்.

கருவியைவிடக் கருவியைப் பிடிக்கும் முறைதான் பெரிது. விடியற்காலையில், வெட்டுவதற்குப் பின்னும் ஆட்டத்துக்கு முன்னும், பராமரிப்பாளர் கிரீனை மூன்றுக்கு மூன்று கட்டங்களாக மனத்தில் பிரித்துக்கொண்டு ஒன்பது இடங்களில் குத்துகிறார். கம்பி நேராக, முழு நீளமும் இறங்க வேண்டும். சாய்ந்தாலோ ஆடினாலோ கம்பியைச் சுற்றிக் காற்று புகுந்து எண் குறைந்துவிடும். கம்பியின் நீளமும் வேரின் நீளமும் ஒத்திருக்க வேண்டும். 4 சென்டிமீட்டர் வேர் உள்ள புல்லை 12 சென்டிமீட்டர் கம்பியால் அளந்தால், வேருக்கு எட்டாத ஆழத்து நீரும் சேர்ந்து எண்ணைத் தூக்கிக் காட்டும். மீட்டரில் ஈரம் இருக்கும், புல் செத்துக்கொண்டிருக்கும்.

வந்த ஒன்பது எண்களின் சராசரியைப் பார்ப்பதில் பெரிய பயனில்லை. சராசரி 20 என்று வரும். மேட்டில் 11 இருக்கும், பள்ளத்தில் 28 இருக்கும். தெளிப்பானைத் திறந்தால் இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தான் விழும். மேடு பிழைக்கும்போது பள்ளம் அழுகும். 11 வந்த இடத்துக்கு மட்டும் கையால் குழாய் பிடித்து நீர் விடுவதுதான் சரி. மீட்டரின் உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது: எங்கே விட வேண்டாம் என்று அது சொல்கிறது.

மீட்டர் சொன்னபடி நீர் விட்டும் ஈரம் ஏறாத திட்டுகள் உண்டு. மக்கும் பொருளிலிருந்து வரும் மெழுகு மணல்துகளைப் போர்த்திக்கொள்ள, மண்ணே நீரை ஒட்டவிடாது. சந்தேகப்படும் இடத்திலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு மண் உருளையை எடுத்துப் படுக்கவைத்து, சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டாக நீர் விட்டு எண்ண வேண்டும். நல்ல மணலில் சொட்டு விழுந்தவுடன் மறையும். மெழுகேறிய மணலில் சேம்பிலைமேல் நீர் போல உருண்டு நிற்கும். ஐந்து விநாடிக்கு மேல் நின்றால் அந்த ஆழத்தில் மண் நீரை மறுக்கிறது என்று பொருள். அங்கே இன்னும் தண்ணீர் விடுவது வீண். வெட்டிங் ஏஜென்ட் எனப்படும் சோப்புத் தன்மையுள்ள திரவம் கலந்து, சிறு துளைகள் இட்டு, உள்ளே இறக்க வேண்டும்.

புல்லின் கீழ் எல்லையை அந்தந்த கிரீனிலேயே கண்டுபிடிக்க வேண்டும். வாடப்போகும் புல் நீலச்சாம்பல் நிறம் காட்டும். மிதித்தால் நிமிராமல் காலடித்தடம் அப்படியே கிடக்கும். அந்தத் தடம் தெரிந்த கணத்தில் மீட்டரைக் குத்தி எண்ணைக் குறித்துக்கொண்டால், அதுவே அந்த இடத்தின் எச்சரிக்கை எண். சில வாரம் குறித்தால் போதும், பிறகு தடம் விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கணக்கு எளிதானது. எச்சரிக்கை எண் 12, காலை எண் 22, வேர் ஆழம் 10 சென்டிமீட்டர் என்று கொள்வோம். கையிருப்பு 10 மில்லிமீட்டர் நீர். புல்லும் மண்ணும் சேர்ந்து நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாக்கினால் இரண்டு நாள் தாங்கும். வேர் 5 சென்டிமீட்டர்தான் என்றால் ஒரே நாள். வெயிலோடு காற்றும் சேர்ந்து 7 மில்லிமீட்டர் போனால் பிற்பகலைத் தாண்டுவதே கடினம். காலையில் இரண்டு இடத்திலும் மீட்டர் காட்டியது 22-தான். எண் காலையினுடையது, ஆட்டமோ மாலை வரை நடப்பது.

மிகை ஈரத்தின் கேடு மெதுவாக வருவதால் அதிகம் கவனிக்கப்படுவதில்லை. துளைகளெல்லாம் நீர் நிரம்பினால் ஆக்சிஜன் போய் வேர் மேல்நோக்கிக் குறுகும். மண்ணில் அழுகிய முட்டை நாற்றத்தோடு கருப்புப் படலம் படியும். பித்தியம் போன்ற நோய்களுக்கு அது விருந்து. இதில் கொடுமை என்னவென்றால், வேரிழந்த புல்லும் உச்சிவெயிலில் வாடியே நிற்கும். கண்ணுக்கு வறட்சி போலத் தெரியும். கண்ணை மட்டும் நம்பியவர் தண்ணீரைத் திறந்து மிச்சப் புல்லையும் கொன்றுவிடுவார். வாட்டம் ஒன்று, காரணம் நேர்மாறு. பிரித்துச் சொல்ல மீட்டரால்தான் முடியும். நெல்லுக்குச் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் இங்கேயும் பொருந்தும். கீழ் எல்லைவரை காயவிட்டு, பிறகு ஆழமாக நனைத்தால் வேர் கீழே இறங்கும். தினமும் மேலாகத் தெளித்தால் மேலேயே நின்றுவிடும்.

இத்தனை அளவுகளும் கையில் இருந்த காலத்தில்தான் 2018-இல் யு.எஸ். ஓபன் ஷின்னகாக்குக்குத் திரும்பியது. மூன்றாம் நாளான சனிக்கிழமை காலையில் டேனியல் பெர்கரும் டோனி ஃபினாவும் ஆளுக்கு 66 அடித்து, 45-ஆம் இடத்திலிருந்து முன்னணியைப் பிடித்தார்கள். பிற்பகலில் அதே கிரீன்களில் டஸ்டின் ஜான்சன் 77 ஆடினார். எதிர்பார்த்ததைவிடக் காற்று பலமாக வீசி கிரீன்களை உலர்த்திவிட்டது. 13-ஆம் குழியில் ஃபில் மிக்கெல்சன் உருண்டுகொண்டிருந்த பந்தையே ஓடிப்போய் அடித்து இரண்டு அடி அபராதம் வாங்கினார். சில குழி இடங்கள் எல்லை மீறிவிட்டன என்று யு.எஸ்.ஜி.ஏ. தலைமை ஒப்புக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு கிரீன்களுக்கு நீர் ஏற்றினார்கள். டாமி ஃப்ளீட்வுட் 63 ஆடினார், புரூக்ஸ் கெப்கா பட்டத்தைத் தக்கவைத்தார். 2004-இல் மாறியது ஒரு கிரீனின் நிலை. 2018-இல் காலைக்கும் மாலைக்கும் இடையே மைதானமே மாறியது. காற்றுக்கென்று இரண்டு சதவீத ஈரத்தைக் கூடுதலாக விட்டுவைப்பது பலவீனம் என்று கருதும் போட்டி அமைப்பாளர்கள் இந்த இரு நாட்களையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மண் மீட்டருக்கு எட்டாத ஈரமும் ஒன்று உண்டு, அது இலைமேல் நிற்கும் ஈரம். விம்பிள்டனில் 2001 முதல் முழுக்க ரைகிராஸ் புல். போட்டியின்போது 8 மில்லிமீட்டர் உயரம். 2021 போட்டியின் இரண்டாம் நாள் மழை காரணமாகச் சென்டர் கோர்ட்டின் கூரை மூடியிருந்தது. அட்ரியன் மனரினோவும் பிறகு செரீனா வில்லியம்ஸும் அங்கே வழுக்கி, காயத்தோடு ஆட்டத்தை விட்டு விலகினார்கள். மூடிய கூரைக்குள், இன்னும் மிதிபடாத இளம் புல்லில், ஈரம் காயாமல் தங்கியிருந்தது. களி கலந்த அந்த மண்ணில் கீழே எந்த எண் இருந்தாலும் அது மேலே உள்ள வழுக்கலைக் காட்டாது. அதனால் டென்னிஸ் புல்தரையில் ஈரத்தோடு தரையின் கடினமும் பந்து எழும்பும் உயரமும் நாள்தோறும் அளக்கப்படுகின்றன. இரண்டாம் வாரத்தில் கடைக்கோட்டருகே புல் தேய்ந்து மண் வெளிப்பட்ட பிறகு, இலை ஈரம் அங்கே பேச்சில்லை. களிமண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதுதான் அந்தத் தரை பிளக்காமலும் தூளாகாமலும் இறுதி ஆட்டம்வரை நிற்குமா என்பதை முடிவு செய்கிறது.