ஒரு கப் பழம்

போன மாதம் வீட்டில் ஸ்ட்ராபெர்ரி ஜாம் செய்தேன். புத்தகத்தில் இருந்தது ரொம்ப சுலபம். இரண்டு கப் பழம், இரண்டு கப் சர்க்கரை, ஒரு மூடி எலுமிச்சைச் சாறு. ‘பழமும் சர்க்கரையும் சம அளவு’ என்று ஒரு குறிப்பு வேறு. முழுப் பழங்களாகவே அளந்து போட்டேன். பத்தே நாளில் பாட்டிலுக்குள் கல்கண்டு விளைந்திருந்தது. மனைவி ஸ்பூனால் தட்டிப் பார்த்துவிட்டு, ‘‘நைவேத்தியத்துக்கு வெச்சுக்கலாம்’’ என்றாள்.

தப்பு என் மேல் இல்லை. கப் மேல்.

தமிழில் வரும் சமையல் புத்தகங்கள் பலவும் கப்பில்தான் பேசுகின்றன. எந்த கப்? அமெரிக்காவில் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. கேட்டால், ‘‘எந்த கப்பா இருந்தா என்ன, எல்லாத்தையும் அதே கப்பால அளங்க’’ என்பார்கள். அரிசி, உளுந்துக்கு இது நியாயமான பதில். நாலுக்கு ஒன்று என்றால் ஆழாக்கில் அளந்தாலும் டம்ளரில் அளந்தாலும் இட்லி வந்துவிடும். தானியம் சின்னது, எப்படிக் கொட்டினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி அடங்கும்.

பழம் அடங்காது. அமெரிக்க விவசாயத் துறையின் உணவுப் பட்டியலைப் பாருங்கள். ஒரு கப் ஸ்ட்ராபெர்ரி முழுசாகப் போட்டால் 144 கிராம். வில்லை போட்டால் 166. மசித்து ஊற்றினால் 232. அதே கப், அதே பழம். வித்தியாசமெல்லாம் இடுக்கில் இருக்கும் காற்று. சர்க்கரையோ கப்புக்கு 200 கிராம். ஆக, ‘சம அளவு’ என்று நான் போட்டது 288 கிராம் பழத்துக்கு 400 கிராம் சர்க்கரை! மசித்து அளந்திருந்தால் பழம் சர்க்கரையை மிஞ்சியிருக்கும்.

ஜாமில் சர்க்கரை வெறும் இனிப்புக்கு இல்லை. பழத்தின் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பூஞ்சை வராமல் காப்பதும், பெக்டினை இறுக வைப்பதும் அதுதான். பழத்தின் சொந்தச் சர்க்கரையும் சேர்த்து, முடிந்த ஜாமில் நூற்றுக்கு 65 வாக்கில் இருக்க வேண்டும். ரொம்ப ஏறினால் கல்கண்டு, இறங்கினால் பூஞ்சை. கொதிக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். அது கை தேர்ந்தவர்களுக்கு. அவர்களுக்குப் புத்தகம் எதற்கு?

கப்பைத் தலைதட்டி அளக்கும் வழக்கத்தைப் பரப்பிய புண்ணியவதி ஃபேனி ஃபார்மர். 1896-ல் வந்த அவருடைய பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகம், கைக்கணக்காக இருந்த அமெரிக்கச் சமையலுக்கு ஒரு ஒழுங்கு கொடுத்தது. மாவைத் தலைதட்டலாம். ஸ்ட்ராபெர்ரியை எப்படித் தலைதட்டுவது?

கிராமில் எழுதுகிறவர்களிடமும் ஒரு குறை உண்டு. ‘மாம்பழம் அரை கிலோ’ என்று விட்டுவிடுகிறார்கள். தோல், கொட்டையோடா, இல்லாமலா? ‘தோல், கொட்டை நீக்கிய பின்’ என்று சேர்த்தால் மை ஒன்றும் தீர்ந்துவிடாது.

தள்ளுவண்டிக்காரர் திராட்சையை டம்ளரில் அளந்து கால் கிலோ என்று நீட்டினால் சண்டைக்குப் போவோம். புத்தகம் அதையே செய்தால் பவ்யமாகக் குறித்துக்கொள்கிறோம்.

அடுத்த ஜாமுக்கு ஒரு எலெக்ட்ரானிக் தராசு வாங்கிவிட்டேன். பழைய ஜாம்? வெந்நீரில் கரைத்து ஜூஸாக்கிக் குடித்தாயிற்று. எத்தனை கப் என்று மட்டும் கேட்காதீர்கள்.