விசாரித்தலும் விசாரணையும்: யாக்கோபு 1:27 குறித்து ஒரு மறுசிந்தனை

அநாதை விடுதிகளுக்காகக் காணிக்கை சேகரிக்கும் ஞாயிறுகளில் நம் பிரசங்க பீடங்களில் தவறாது ஒலிப்பது யாக்கோபு 1:27. திக்கற்ற பிள்ளைகளுக்கு விடுதி நடத்துவதே மாசற்ற பக்தி என்று அதற்குப் பொருள் கூறுகிறோம். இவ்விளக்கம் மூலபாடத்திற்கு முற்றும் பொருந்துவதன்று.

மூலத்தில் உள்ள வினைச்சொல் 'எபிஸ்கெப்தெஸ்தாய்'. சென்று கண்டு கவனித்துக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். மத்தேயு 25:36இல் நோயுற்றவரைக் காணச் செல்வதையும், லூக்கா 1:68இல் ஆண்டவர் தம் மக்களைச் சந்தித்ததையும் இவ்வினையே உணர்த்துகிறது. பேராயரைக் குறிக்கும் 'எபிஸ்கொபோஸ்' என்னும் பெயரும் இதன் வேரிலிருந்து வந்ததே. பழைய திருப்புதல் இதனை 'விசாரித்தல்' என்றது மிகப் பொருத்தம். நலம் விசாரித்தல், துக்கம் விசாரித்தல் என்பன நம் வழக்குகள். ஆனால் இன்று விசாரணை என்றதும் நினைவுக்கு வருவது காவல் நிலையம்.

எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகளிடம் நாம் செய்தது எது? தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் பகுதியில் அத்தகைய வீடொன்றுக்கு முதன்முறை சென்றபோது, தகப்பனுக்கு நோய் எவ்வாறு வந்தது என்றே நான் கேட்டேன். பேரப்பிள்ளைகள் இருவரை வளர்த்துவந்த பாட்டியார், "எல்லாரும் அதையேதாங்க ஐயா கேக்கறாங்க, புள்ளைங்க சாப்பிட்டாங்களான்னு ஒருத்தரும் கேக்கல" என்றார். யோவான் 9:2இல் சீடர்கள் எழுப்பிய கேள்வியையே நானும் எழுப்பியிருந்தேன்.

விடுதிகளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தில், தருமபுரியும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் குடும்பங்கள் அழிந்தன. அக்காலத்து மிஷனரிமார் விடுதிகள் உயிர்காத்தன. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பின்பு, உறவினர் அஞ்சி விலகிய ஆண்டுகளிலும் அவை அடைக்கலமாயின. ஆனால் 2004 முதல் கூட்டு மருந்து அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. தொற்றுள்ள பிள்ளையும் அதனைத் தவறாது உட்கொண்டால் வளர்ந்து ஆளாகலாம். தொற்றே இல்லாத பிள்ளைகளும் பலர். இவர்களுக்குக் குறைவுபடுவது பெரும்பாலும் கூரையன்று, வளர்ப்போரின் பலமே. மருந்து வாங்கச் செல்லும் நாளின் கூலியும் பேருந்துக் கட்டணமும், பாட்டிக்குப் பின் யார் என்னும் அச்சமும் அவ்வீடுகளின் உபத்திரவம்.

அரசு இதனை உணர்ந்துள்ளது. 2009இல் தமிழக அரசு இப்பிள்ளைகளுக்கென அறக்கட்டளை நிறுவியது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், குடும்பத்தைத் தாங்கும் 12 வயது நிரம்பிய மூத்த பிள்ளையை, பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை முதலியவற்றில் இளையோருக்குக் காப்பாளராக ஏற்கிறது. சட்டம் குடும்பத்தைக் கண்டது. நாமோ விடுதியை மட்டுமே கண்டோம்.

திருமறையில் பெற்றோரற்ற எஸ்தரை வளர்த்தவர் உறவினராகிய மொர்தெகாய். அவள் அரண்மனை சேர்ந்த பின்பும் நாள்தோறும் முற்றத்தருகே சென்று அவள் நலம் அறிந்தார் (எஸ்தர் 2:7, 11). இதுவே விசாரித்தல்.

ஆகவே, ஆயர்களும் இறையியல் மாணவரும் மற்றெல்லா வீடுகளுக்கும் செல்வதுபோலவே இவ்வீடுகளுக்கும் செல்வோமாக. அயலார் ஐயுறும்படி தனிக்கவனம் காட்டலும், நோயின் பெயரைச் சபையில் உரைத்து ஜெபித்தலும் வேண்டா. காணிக்கையில் ஒரு பங்கு வளர்ப்போர் கையிலேயே சேரட்டும். நோய் எவ்வாறு வந்தது என்னும் கேள்வியை வாசற்படிக்கு வெளியே விட்டுச் செல்வதே பக்தியின் தொடக்கம்.