ஒன்பது இஞ்ச் சுவரின் புகழும் புழுக்கமும்

வீடு கட்ட இறங்கியவரிடம் கொத்தனார் முதல் மாமனார் வரை எல்லாரும் தவறாமல் சொல்வது ஒன்று: "ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் வெச்சிடுங்க, வீடு சில்லுனு இருக்கும்." காரைக்குடிப் பக்கம் போய் அங்குள்ள பழைய வீடுகளைப் பார்த்துவந்தவர்கள் இன்னும் அழுத்திச் சொல்வார்கள். பசுமைக் கட்டடம் பேசுகிறவர்களும் இப்போது இந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். 'தெர்மல் மாஸ்' என்ற பெயரில் கனத்த சுவர் மறுபடி மதிப்புப் பெற்றிருக்கிறது. இந்த வாக்கில் பாதி உண்மை. மீதிப் பாதி, எந்த ஊர், எந்தத் திசைச் சுவர், அந்த அறையில் எத்தனை மணிக்கு ஆள் இருப்பார் என்பதைப் பொறுத்தது. அந்த மூன்றையும் யாரும் கேட்பதில்லை.

முதலில் அதன் பலம். நல்ல சூளைச் செங்கல் கன மீட்டருக்கு 1,600 முதல் 1,900 கிலோ வரை இருக்கும். ஒன்பது இஞ்ச் கனத்தில் கட்டினால் ஒரு சதுர மீட்டர் சுவரே 400 கிலோவைத் தொட்டுவிடும். இவ்வளவு எடையைச் சூடாக்க வெயிலுக்கு நேரம் பிடிக்கும். வெளிப்பக்கம் ஏறிய சூடு உள்பக்கத்துக்கு வர ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகிறது; வரும்போது அதன் வேகமும் தணிந்திருக்கிறது. நாலரை இஞ்ச் சுவர் என்றால் சுமார் மூன்று மணி நேரத்தில் சூடு உள்ளே வந்துவிடும். காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்துக்குப் பூட்டும் பள்ளிக்கூடத்துக்கோ அலுவலகத்துக்கோ இதைவிட நல்ல சுவர் கிடைக்காது. சூட்டின் பெரும்பகுதி உள்ளே வரும்போது ஆளே இருக்க மாட்டார்கள்.

வீட்டுப் படுக்கையறையின் கதை வேறு. மேற்குச் சுவரில் வெயில் உக்கிரமாக அடிப்பது மாலை நாலு மணி வாக்கில். ஏழு மணி நேரம் கூட்டிப் பாருங்கள்: இரவு பதினொன்று. வீடு முழுக்க விளக்கணைத்துப் படுக்கிற நேரம் பார்த்துச் சுவர் தன் சூட்டைக் கக்கத் தொடங்கும். மே மாதம் பத்தரை மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். போதாக்குறைக்கு வாஸ்து, குடும்பத் தலைவரின் படுக்கையறையைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வைக்கச் சொல்கிறது. பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்குகிற மூலை அதுதான்.

ஏசி போட்டால் தீர்ந்துவிடும் என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். பத்தடிக்குப் பத்தடி ஒன்பது இஞ்ச் சுவர் ஒன்றின் எடை கிட்டத்தட்ட நாலு டன். அதை ஒரே ஒரு டிகிரி குளிர்விக்க, ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை அறையைவிட்டு வெளியேற்ற வேண்டும். சுமாரான ஏசிக்கு அந்த வேலைக்கு மூன்றில் ஒரு யூனிட் செலவாகும். இது ஒரு சுவருக்கு, ஒரு டிகிரிக்கு. இரவு பத்துக்குப் போட்டுக் காலை ஆறுக்கு நிறுத்துகிற வீட்டில் ஏசி முதல் இரண்டு மணி நேரம் காற்றோடு சேர்த்துச் செங்கல்லையும் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. மறுநாள் பகலில் அதே சுவர் மறுபடி சூடேறும். நாள் முழுக்க ஏசி ஓடும் இடத்தில் இந்த இழப்பு இவ்வளவு உறுத்தாது.

கனத்த சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விட்டாக வேண்டும். அதற்கு இரவு குளிர வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் சேலம், தருமபுரிப் பக்கம் பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு பன்னிரண்டு டிகிரியைத் தாண்டும். சன்னலைத் திறந்து வைத்தால் விடிவதற்குள் சுவர் ஆறிவிடும். சென்னையில் மே மாத இரவு 28 டிகிரிக்கு மிகக் கீழே இறங்குவதே அபூர்வம். ஈரக்காற்று வேறு. கொசுவுக்கும் திருட்டுக்கும் பயந்து சன்னலையும் சாத்திவிடுகிறோம். சுவர் எங்கே ஆறும்?

காரைக்குடி வீட்டின் குளிர்ச்சியைச் சுவரின் கணக்கில் மட்டும் எழுதுவது எனக்கு எப்போதுமே ஒப்பவில்லை. திண்ணையும் தாழ்வாரமும் சுவரில் வெயில் படவிடாமல் தடுக்கின்றன. முற்றம் சூடான காற்றை மேலே அனுப்புகிறது. உயரமான கூரையின் மேல் ஓடு. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுச் சுவரின் கனத்தை மட்டும் கடன் வாங்கி, அதை நேர் வெயிலில் நிறுத்தி, மேலே நாலைந்து இஞ்ச் கான்கிரீட் தளம் போட்டால் அந்தக் குளிர்ச்சி வருமா?

இன்னொரு குழப்பமும் உண்டு. கல் கனமாக இருந்தால் வெப்பத்தைத் தடுக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் அடர்த்தி கூடினால் தேக்கும் அளவும் கூடும், கடத்தும் வேகமும் கூடும். கான்கிரீட் செங்கல்லைவிடக் கனம். வெப்பத்தை அதைவிட இரண்டு மடங்கு கடத்துகிறது. எடையில் செங்கல்லின் மூன்றில் ஒரு பங்கே இருக்கும் ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்), வெப்பம் கடத்துவதிலும் நாலில் ஒரு பங்குதான். மேற்குச் சுவருக்கு அது செங்கல்லை வென்றுவிடும். அதற்காக வேகாத, லேசான செங்கல்லைத் தேடிப் போகக் கூடாது. அது மழைத் தண்ணீரை உறிஞ்சும், நனைந்த கல் காய்ந்த கல்லைவிட அதிகமாக வெப்பம் கடத்தும். ஏஏசியிலும் குறைகள் உண்டு: பூச்சில் விரிசல் விடும், தண்ணீர் குடிக்கும், கனமான அலமாரியை மாட்டச் சாதாரண ஆணி போதாது. வீட்டுக்குள் வரும் சூட்டை வாங்கிவைத்துக்கொள்ளும் கொள்ளளவும் அதற்கு இல்லை.

அரசின் விதியும் ஒரு பக்கமே பார்க்கிறது. 2018-இல் வந்த 'இகோ நிவாஸ் சம்ஹிதா', குடியிருப்பின் சுவரும் சன்னலும் உள்ளே விடும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு வைக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அந்தச் சூத்திரத்தில் சுவர் எவ்வளவு கடத்துகிறது என்பதற்கு இடம் இருக்கிறது, எவ்வளவு தேக்குகிறது என்பதற்கு இல்லை. ஏசி இல்லாத தருமபுரி வீட்டுக்குச் செங்கல் செய்யும் நன்மை அதில் கணக்கில் வராது.

நடுவழி ஒன்றைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் செய்து காட்டினார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு. சுவர் அதே ஒன்பது இஞ்ச். செங்கல் கால் பங்கு மிச்சம். வெப்பம் கடத்துவதும் சற்றுக் குறைகிறது. செங்கல்லுக்காகச் செம்மண் தோண்டிய பிரச்சினை நீதிமன்றம் வரை போய், 2021-இல் கோவை தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகள் மூடப்பட்டதை நினைத்தால் அந்தக் கால் பங்கு சின்ன விஷயமில்லை. சிக்கல் ஆள் கிடைப்பதில். கலவை வெற்றிடத்துக்குள் விழாமல் கட்டக் கைப்பழக்கம் வேண்டும். கட்டி முடித்த பிறகு வயரிங்காரர் வந்து சுவரை வெட்டினால் பாடெல்லாம் வீண். பைப் எங்கே போகும் என்பதை முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

என் தீர்ப்பு இது. கனத்தை வெயில் படாத இடத்தில் வையுங்கள்: உள் தடுப்புச் சுவர்கள், தரை, வடக்குச் சுவர். மேற்குச் சுவருக்கு ஏஏசி வையுங்கள். செங்கல்தான் வேண்டுமென்றால் வெளியே நிழல் கொடுங்கள். முடிந்தால் மாடிப்படி, குளியலறை, ஸ்டோர் ரூமை அந்தப் பக்கம் தள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் மொட்டை மாடியைக் கவனியுங்கள். நம் ஊர் உச்சி வெயில் சுவரைவிடத் தளத்தில்தான் அதிகம் இறங்குகிறது. ஒரே மாடி வீட்டுக்காரர், தளத்தின் மேல் வெப்பத்தடுப்பும் வெள்ளை ஓடும் போடாமல், நாலரை இஞ்ச் சுவரை ஒன்பதாக்கச் செலவழிப்பது தப்பான இடத்தில் போட்ட பணம்.