ஏணியும் உப்பளமும்

தொழில் வளர்ச்சியில் அரசின் பங்கு யாது என்னும் வினாவுக்குக் கொரியப் பொருளியலறிஞர் ஹா-ஜூன் சாங், 2002இல் வெளிவந்த ‘ஏணியை உதைத்துத் தள்ளுதல்’ என்னும் ஆங்கில நூலில் வரலாற்றிலிருந்து விடை தருகிறார். சுங்க வரியாலும் மானியத்தாலும் தம் தொழில்களைக் காத்து உயர்ந்த பிரிட்டனும் அமெரிக்காவும், பின்வருவோர்க்குத் தடையற்ற வணிகத்தை உபதேசிக்கின்றன. ஏறிய ஏணியையே உதைக்கின்றன என்பது அவர் வாதம். உவமை, 1841இல் ஜெர்மானியர் பிரெடரிக் லிஸ்ட் கூறியது. வாதத்தின் வலிமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வேதாரண்யத்து உப்பளங்களை எண்ணிக்கொண்டு படிக்கையில் ஒரு குறை புலப்படுகிறது.

கும்பினி அரசு 1805இல் சென்னை மாகாணத்து உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிற்று. வங்காளத்திலோ லிவர்பூல் வழியே செஷயர் உப்பு வந்திறங்க, உள்நாட்டில் உப்புக் காய்ச்சியோர் தொழிலிழந்தனர். இவை சாங்கின் வாதத்துக்கு அரணே. 1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் 30ஆம் நாள் வேதாரண்யத்தில் உப்பள்ளியது அக்கொள்கையை எதிர்த்தே. உப்பு வரியை 1947ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் நீக்கியவர் இடைக்கால அரசின் நிதியமைச்சர் லியாகத் அலிகான் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

வரி நீங்கியது, ஏணி கிடைத்ததா? உப்பேற்றிச் சென்ற திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி இருப்புப்பாதை நெடுங்காலம் மூடிக்கிடந்து 2023இல்தான் மீண்டும் திறந்தது. 2006இல் அயோடின் சேராத உப்பை உணவுக்காக விற்கத் தடை வந்தது. மக்கள் நலனுக்கு அது தேவையே. ஆனால் அயோடின் கலக்கவும் பொட்டலமிடவும் முதல் வேண்டும். அஃதில்லாத சிறு உற்பத்தியாளர், முதல் உடையோரிடம் கச்சா உப்பை விற்பவராகவே நிற்க நேர்கிறது. ஒரே விதி, கைப்பொருளுக்கேற்ப ஒருவர்க்குப் படியாகவும் மற்றவர்க்குச் சுவராகவும் அமைகிறது.

சாங்கின் நூல் காணத் தவறுவது இதனையே. நாடுகளை நாடுகளோடு ஒப்பிடும் அவர், தொழிலாளர் காப்புச் சட்டங்கள் வளர்ந்த நாடுகளிலும் காலந்தாழ்த்தியே வந்தன என்கிறார். வரலாறாக அது மெய். நெறியாகக் கொள்ளின் ஆபத்து. வடகிழக்குப் பருவமழையில் வேலையற்றிருக்கும் உப்பளத் தொழிலாளர்க்குத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. சுதந்திரம் பெற்று எத்தனை பத்தாண்டுகள் கழிந்து!

அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) மஃரிப் உப்புத் தலத்தை வேண்ட, நபிகள் நாயகம் (ஸல்) வழங்கினார்கள். அது வற்றாத நீரை ஒத்தது என்று ஒருவர் எடுத்துரைத்ததும் திரும்பப் பெற்றார்கள். அபூதாவூதும் திர்மிதியும் பதிந்துள்ள செய்தி இது. வெளிப்படையாகக் கிடைக்கும் உப்பைத் தனியொருவர்க்கு அளித்தல் ஆகாதென மாவர்தீ இமாம் வகுத்ததும் இவ்வழியிலேயே. பாத்தி கட்டி விளைவிக்கும் வேதாரண்யத்து உப்பு உழைப்பை வேண்டுவது. ஆதலால் அச்சட்டத்தை இங்கே அப்படியே பொருத்த இயலாது. எனினும் கொடுத்தபின் மறுபடி எண்ணிப் பார்த்த அந்த ஆட்சிமுறை நமக்குப் பாடமாகும். எந்நாடு உயர்ந்தது என்று சாங் கேட்கிறார். கொள்கையால் எவர் கைக்கு எட்டியது, எவர் கைவிட்டுப் போயிற்று என்றும் நாம் கேட்டாக வேண்டும்.