லினக்ஸ் மின்ட் நிறுவல் கையேடு: தொடக்கநிலையாளருக்குப் போதுமா?



விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 14 அக்டோபர் 2025-இல் நிறுத்திவிட்டது. வீட்டில் உள்ள பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது, அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. அதனால் “டீச்சர், வீட்டுக் கணினியில லினக்ஸ் போடலாமா?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். புதியவர்களுக்கு அடிக்கடி பரிந்துரைக்கப்படுவது லினக்ஸ் மின்ட். 2006 முதல் வெளிவருகிறது, இலவசம், 2 ஜிபி நினைவகத்திலேயே ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி.

அதன் அதிகாரபூர்வ நிறுவல் கையேட்டின் ஆங்கில வடிவத்தை, கருத்துணர்தல் பகுதியை வாசிப்பதுபோல வாசித்துப் பார்ப்போம். கேள்வி ஒன்றுதான்: இதை மட்டும் நம்பும் ஒரு மாணவர், தன் கோப்பு எதையும் இழக்காமல் வேலையை முடிப்பாரா?

நிறைகள்

முதல் நிறை, வரிசை. பதிப்பைத் தேர்ந்தெடுப்பது, பதிவிறக்கிய கோப்பைச் சரிபார்ப்பது, பென்டிரைவில் ஏற்றுவது, அதிலிருந்து கணினியைத் தொடக்குவது, பிறகு நிறுவுவது என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது. வாக்கியங்கள் குட்டி குட்டியானவை. ஒரு வரிக்கு ஒரு செயல். செயல்முறை எழுதப் பழகும் மாணவர்களுக்கு நல்ல மாதிரி.

இரண்டாவது, நிறுவும் முன் சோதித்துப் பார்க்கும் வழி. பென்டிரைவிலிருந்து தொடக்கினால், வன்தட்டில் எதையும் நிறுவாமலே மின்ட் ஓடும். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, தமிழ்99 தட்டச்சு சரியாக அமைகிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிடலாம். பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

மூன்றாவது, கோப்பைச் சரிபார்க்கும் அத்தியாயம். கட்டளைகளும் நீண்ட எண்ணெழுத்துச் சரங்களும் வருவதால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டக்கூடாது. பிப்ரவரி 2016-இல் மின்ட் இணையத்தளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பையே மாற்றி, பின்கதவு வைத்த போலிப் பிரதியைப் பரப்பினார்கள். கோப்பைச் சரிபார்ப்பது இப்படிப்பட்ட ஆபத்தைத் தடுக்கத்தான்.

குறை

நிறுவும் அத்தியாயத்தில்தான் சிக்கல். அங்கே முக்கியமாக மூன்று தேர்வுகள் வரும்: வட்டை அழித்துவிட்டு நிறுவுவது, பழைய இயங்குதளத்தின் பக்கத்திலேயே நிறுவுவது, பிரிவுகளை நாமே அமைப்பது. முதல் தேர்வுக்குக் கையேடு தரும் விளக்கம் இந்தப் பொருளில் அமைகிறது: மின்ட் மட்டும் போதும், வட்டில் உள்ளது எல்லாம் போனாலும் பரவாயில்லை என்றால் இதைத் தேர்ந்தெடு.

தகவல் சரிதான். ஆனால் வீட்டில் உள்ள அத்தனை படங்களும், அண்ணனின் கல்லூரிக் கட்டுரைகளும், அம்மாவின் கணக்குகளும் ஒரு துணைவாக்கியத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அவசரமாக வாசிப்பவர் கண்ணில் படுவது ‘தேர்ந்தெடு’ என்ற வினை மட்டுமே. ‘வட்டு’ என்ற சொல்லும் தடுமாற வைக்கும். சற்றுமுன்தான் பென்டிரைவைத் தயார் செய்தவர், அழியப்போவது அதுதான் என்று நினைத்தால் வியப்பில்லை. அழிவது கணினியின் வன்தட்டு!

இரண்டாம் தேர்வில், பழைய இயங்குதளத்தின் இடத்தை நிறுவி தானாகவே சுருக்கிக்கொள்ளும் என்கிறது கையேடு. ‘தானாகவே’ என்பது தைரியம் தரும் சொல். ஆனாலும் சுருக்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் பாதிக்கப்படலாம்.

கோப்புகளை முன்கூட்டியே நகலெடுத்து வைப்பதற்குத் தனி அத்தியாயமே இல்லை. நிறுவி முடித்த பிறகு, டைம்ஷிஃப்ட் கொண்டு அமைப்பின் நிலையைச் சேமிக்க மட்டும் ஓர் அத்தியாயம் உண்டு. அதுவும் இயங்குதளத்தைக் காப்பதற்கு; சொந்தக் கோப்புகளை அது இயல்பாகச் சேமிப்பதில்லை. புதிதாக வரும் மின்டுக்குக் காவல் இருக்கிறது, வீட்டில் ஏற்கெனவே இருந்த கோப்புகளுக்கு இல்லை.

என்ன சேர்க்கலாம்?

கையேட்டை ஒதுக்க வேண்டியதில்லை. மாணவர்களிடம் கொடுக்கும்போது முன்னால் ஒரு பக்கம் சேர்த்தால் போதும்:

1. வீட்டில் எல்லாரிடமும் கேட்டு, தேவையான கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுங்கள். மின்ட் ஏற்றும் பென்டிரைவில் வைக்காதீர்கள். அது முழுவதும் அழிக்கப்படும்.
2. நகலெடுத்த கோப்புகளில் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.
3. விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், மீட்புச் சாவியை எழுதி வையுங்கள்.
4. மடிக்கணினி என்றால் மின்னிணைப்பில் வைத்தே நிறுவுங்கள்.

வகுப்பில் இதையே ஒரு பயிற்சியாகச் செய்யலாம். மூன்று தேர்வுகளையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் அழுத்தினால் பழைய கோப்புகளுக்கு என்ன ஆகும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். துணைவாக்கியத்தை யார் கவனித்தார், யார் விட்டுவிட்டார் என்பது உடனே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே தெரிந்தவருக்கு இது அருமையான கையேடு. தொடக்கநிலையாளருக்கு முக்கால் கையேடு. மீதிக் கால் பங்கைச் சேர்த்துக் கொடுப்பது நம் வேலை.