கப்பல் பட்டியலில் இல்லாத கட்டம்

'பாதுகாப்பான, ஒழுங்கான, முறையான இடப்பெயர்வு.' 2018 டிசம்பரில் மராகேஷ் நகரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் வாசகம் இது. பள்ளிகொண்டாவில், பாலாற்றங்கரைச் சேரியில் உட்கார்ந்து இதை வாசிக்கிறேன். முறையான பாதை எங்களுக்குப் புதுசில்லை. முறையாகத்தான் எங்களைக் கப்பலேற்றினார்கள்.

சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அது தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நேட்டாலுக்குக் கூலிகளாகப் போனார்கள். அதில் வடஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். மாசம் பத்து ஷில்லிங், ஐந்து வருச ஒப்பந்தம். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் நம்பர் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயசு, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு உட்பட எழுதினான் வெள்ளைக்காரன். மேற்பார்க்க 'குடிபெயர்வோர் காப்பாளர்' என்றொரு அதிகாரி. எல்லாம் முறைதான். ஏன் ஊரைவிட்டுப் போகிறாய் என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது. கேட்டிருந்தால் ஊர்த்தெருவின் பெயரையும் எழுத வேண்டி வந்திருக்கும்.

1983 குடிபெயர்வுச் சட்டத்தில் அதே காப்பாளர் பதவி தொடர்ந்தது. சாதிக் கட்டம் போய்விட்டது. பதிலாக, பத்தாவது தேறாதவன் சவூதி, குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. எங்க பிள்ளை ஏன் பத்தாவது தேறவில்லை? அப்பன் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்து வீட்டோடு கிடந்தான். பையன் எட்டாவதோடு நின்று தோல் தூக்கப் போனான். சாதி செய்த வேலையைச் சட்டம் 'படிப்பு' என்று எழுதிக்கொண்டது.

அனுமதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதனால்தான் ஒப்பந்தத்தைப் பார்க்கிறார்கள், இன்சூரன்ஸ் கட்டாயமாகிறது. விசிட் விசாவில் போய் மாட்டிக்கொண்டவர்கள் கதை எங்க தெருவுக்கும் தெரியும். என் கேள்வி வேற. 2019-இல் என் சித்தப்பா மகன் சவூதிக்குப் போனான். ஏஜெண்டு வாங்கலாம் என்று விதி சொன்னது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அவன் கொடுத்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம், ரசீது முப்பதாயிரத்துக்கு. மீதிப் பணம் ஊரில் மீட்டர் வட்டிக்கு வாங்கியது. சித்தி சொல்லும்: "இன்னாடா முறை? ரெண்டு வருசம் அவன் சம்பாரிச்சது வட்டிக்காரன் வூட்டுக்குத்தான் போச்சு." காகிதத்தில் அவன் பயணம் சுத்தம்.

பாதுகாப்பு பேசுகிற பிரதிகள் எல்லாம் விமான நிலையத்தில் ஆரம்பிக்கின்றன. கடன் சேரியில் ஆரம்பிக்கிறது. படிப்பு நின்றதும் இங்கேதான். பொருளாதார வளர்ச்சி என்று கணக்கில் ஏறும் அயல்நாட்டுப் பணத்தில் எவ்வளவு வட்டியாகப் போகிறது என்று முதலில் எண்ணட்டும். ஏன் போகிறாய், யாரிடம் எவ்வளவு கடன்பட்டாய் என்று கேட்டு எழுதிக்கொள்ளாதவரை, இவர்கள் வைத்திருப்பதும் கப்பல் பட்டியல்தான்.